கொழும்புத் தமிழ் இலிகிதரின் உத்தியோகமும் குடும்பமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசியல் தலைவர்களையும் சமயப் பெரியார்களையும் வழக்கறிஞர்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அரசாங்கக் கந்தோரில் முப்பது ஆண்டு கோப்புப் புரட்டிவிட்டு ஊருக்குத் திரும்பிய இலிகிதரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வீடுகளிற் கணிசமானவை எழும்பியதும், பிள்ளைகள் ஆங்கிலம் கற்றதும், கோயில் மண்டபங்கள் புதுக்கப்பட்டதும் அவரது மாதச் சம்பளத்தின் துணையாலேயாம். அந்தச் சம்பளத்துக்காக அவர் ஒரு வாழ்வை இரண்டாகப் பிரித்து வாழ்ந்தார். உத்தியோகம் கொழும்பில், குடும்பம் ஊரில். இவ்விரண்டையும் அவரும் அவரது குடும்பத்தாரும் எவ்வாறு இணைத்து நடத்தினர் என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய சமூக வரலாறாகும்.

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தார் வாய்மொழி. இதனை வெறும் பதவி மோகமென நகைத்து ஒதுக்குவோர் உளர். அது முழு உண்மையன்று. ஆறில்லாத நாடு, சிறு துண்டுகளாகப் பிரிந்த காணி, கிணற்று நீரிறைத்துச் செய்யும் பயிர். திருவிதாங்கூருடன் நடந்த புகையிலை வணிகமும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நலிவடைந்தது. ஒரு பரப்பு நிலத்தை நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவருக்கும் போதாது. மறுபுறத்தில், 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் அதனைத் தொடர்ந்து எழுந்த மிசன் கல்லூரிகளும், 1890இல் தோன்றிய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்ற சைவப் பாடசாலைகளும் ஆங்கிலம் கற்ற இளைஞரை ஆண்டுதோறும் உருவாக்கின. அவர்களுக்கு ஊரில் வேலையில்லை. சிலர் சென்னைக்குச் சென்றனர். செமினரி மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, அங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வேறு பலர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்குக் கப்பலேறினர். எஞ்சியோருக்குக் கொழும்பே கதியாயிற்று.

புகையிரதம் வருமுன்னர் கொழும்புக்குச் செல்வதென்பது கரையோரக் கப்பற் பயணம் அல்லது வன்னிக் காட்டினூடாக நாட்கணக்கில் வண்டிப் பயணம். 1905இல் வடபாதை முழுமையாகத் திறக்கப்பட்டதும், ஏறத்தாழ 250 மைல் தூரம் ஓர் இரவுக்குள் அடங்கிற்று. மாலையிற் கொழும்பில் ஏறியவர் மறுநாட் காலை தம் வீட்டுக் கிணற்றடியில் முகங் கழுவலாம். இந்த ஒரு மாற்றமே இரட்டை வாழ்வைச் சாத்தியமாக்கியது. சென்னைக்கோ மலாயாவுக்கோ சென்றவர் ஊரைப் பல ஆண்டு மறந்திருக்க நேர்ந்தது. கொழும்புக்குச் சென்றவர் மறக்கவும் இயலாது, முழுமையாகத் திரும்பவும் இயலாது என்ற நிலையிற் கிடந்தார்.

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டிற் சில தடவை இலவசமாகப் பயணஞ் செய்யப் புகையிரத ‘வாரண்ட்’ கிடைத்தது. அந்த ‘வாரண்ட்’டைச் சுற்றியே குடும்பத்தின் ஆண்டு ஒழுங்கு அமைந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஒன்று, சித்திரை வருடப்பிறப்புக்கு ஒன்று, எதிர்பாராத சாவீட்டுக்கென ஒன்று என மனத்துள் ஒதுக்கிவைப்பர். சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் உரியதாதலால் விடுமுறை கேட்டு மேலதிகாரியிடம் நிற்க வேண்டியதில்லை என்பது ஒரு சிறு ஆறுதல். 

புதிதாக உத்தியோகம் பெற்று வந்த இளைஞர் பெரும்பாலும் மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கினார். மருதானை கொழும்பின் புகையிரதச் சந்தி. வடக்கு நோக்கிய பாதையும், தெற்கே வெள்ளவத்தை வழியாகச் செல்லும் கரையோரப் பாதையும், களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் அங்கே கூடுகின்றன. புகையிரதத் திணைக்களத்திற் பணிபுரிந்த தமிழர் தொகை அக்காலத்திற் பெரிது. தொழில்நுட்பக் கல்லூரியும் அருகிலேயே இருந்தது. கோட்டையிலிருந்த கந்தோர்களுக்கு நடந்தும் செல்லலாம். முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியில், சிறு ஒழுங்கைகளின் வீடுகளை ஐவர் அறுவர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தனர். அதற்குச் ‘சமறி’ என்று பெயர். ஆங்கிலேய இளம் உத்தியோகத்தர் கூடி வாழ்ந்த வீட்டுக்கு வழங்கிய சொல், நாவில் உருமாறி யாழ்ப்பாணத்தவரின் சொல்லாயிற்று.

சமறி ஒரு விடுதியன்று. ஆண்களால் மட்டும் ஆன குடும்பம் எனலாம். ஊரிலிருந்து வந்த ஒரு சமையற்காரர் இருப்பார். அரிசி, தேங்காய், விறகுக் கணக்கை மாதமொருவர் பார்ப்பார். மூத்த உறுப்பினரின் சொல்லுக்கு மதிப்பிருக்கும். இரவு நேரங்கழித்து வரும் இளையவர் அவரிடம் காரணஞ் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து பரீட்சை எழுத வரும் பையன் சமறியின் திண்ணையிலேயே பாய் விரிப்பான். ‘இவன் இன்னாருடைய மருமகன், கவனித்துக்கொள்க’ என்ற ஒரு கடிதம் போதும். எந்தத் திணைக்களத்தில் வெற்றிடம் உண்டு, பரீட்சைக்கு எதைப் படிக்க வேண்டும், எந்த அதிகாரி எத்தகையவர் என்பனவெல்லாம் அங்கேயே அவன் கற்றான். விடுமுறைக்குச் செல்பவர் மற்றவர்களின் பொதிகளையும் செய்திகளையும் சுமந்துசென்று, திரும்புகையில் அவரவர் வீட்டுப் பினாட்டும் எள்ளுருண்டையும் மிளகாய்த்தூளும் கொண்டுவருவார். தொழில், உறவு, குடும்பம் என இன்று மூன்றாகப் பிரித்துப் பேசப்படுபவை சமறியின் ஒரே கூரையின்கீழ்ப் பிரிவின்றிக் கிடந்தன.

இந்த உறவுப் பின்னலைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. ‘ஊரவர்’, ‘எங்கடை ஆக்கள்’ என்ற சொற்களுக்குள் சாதியும் அடங்கியிருந்தது. யார் எந்தச் சமறியிற் சேரலாம், யார் கையாற் சமைத்துண்ணலாம் என்பன கொழும்பிலும் ஊரைப் போலவே தீர்மானிக்கப்பட்டன. பரிந்துரைக் கடிதம் எழுத உத்தியோகத்திலுள்ள மாமன் எல்லாருக்கும் இருந்ததில்லை. படித்தும் வழி தெரியாது நின்றோரின் வரலாறு இந்தச் சமறிகளில் எழுதப்படவில்லை.

உத்தியோக உயர்வு இலகுவில் வந்ததில்லை. இலிகிதர் சேவையில் நுழைவுப் பரீட்சை ஒன்று. நுழைந்தபின் வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சை. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் மேல்வகுப்புக்குப் போகத் தனித் தகுதி. சிலர் மாலையிற் கணக்கியல் படித்தனர். சிலர் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கு விளக்கின்கீழ் இருந்து படித்தனர். இன்னுஞ் சிலர் கந்தோர் நேரம் போக எஞ்சியதை ஆராய்ச்சிக்குக் கொடுத்தனர். அரசாங்க சேவையிலிருந்தவரான முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்னும் ஆங்கில நூல் அவ்வாறான உழைப்பின் விளைவு. ஆனால் பதவியுயர்வுடன் பெரும்பாலும் இடமாற்றமும் வந்தது. பதுளைக் கச்சேரி, காலிச் சுங்கம், குருநாகல் நீர்ப்பாசனக் கந்தோர் எனப் பெயர் தெரிந்த பட்டினங்களுக்கெல்லாம் கட்டளை வரும். இடமாற்றத்தை மறுத்தால் உயர்வில்லை. ஏற்றால் ஊர் இன்னும் தொலைவாகும். பெற்றோர் நோயுற்றிருந்த காலத்தில் உயர்வைக் கைவிட்டு யாழ்ப்பாணக் கச்சேரிக்கு மாற்றங் கேட்டோரும் இருந்தனர். அவர்களுடைய பெயர் எந்தச் சேவைப் பதிவேட்டிலும் தியாகம் என்ற தலைப்பில் இடம்பெறவில்லை.

ஊரில் நடந்ததென்ன? இங்கே யாழ்ப்பாணத்துத் திருமண ஒழுங்கை மனங்கொள்ள வேண்டும். பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுப்பது வழக்கம். எனவே திருமணமான பெண் தன் தாயின் வளவிலோ அதனை அண்டியோ வாழ்ந்தாள். சகோதரிகளின் வீடுகள் வேலிக்கப்பால் இருந்தன. கணவன் ஆண்டிற் பத்து மாதம் இல்லாவிடினும் அவள் தனித்துப்போகவில்லை. பிள்ளைகளை அம்மம்மாவும் சின்னம்மாமாரும் பார்த்தனர். கணவன் வீட்டுக்குச் சென்று மாமியாரின் கீழ் வாழும் வழக்கம் இருந்திருப்பின், கொழும்பு உத்தியோகம் இவ்வளவு பெருந்தொகையான குடும்பங்களுக்கு இயன்றிருக்குமா என்பது ஐயமே. உத்தியோகத்தரின் முன்னேற்றத்தைப் பேசுவோர் தாய்வழிச் சுற்றத்தின் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டத்துக்கு நீரிறைக்க ஆள் பிடித்தவளும், ஆண்டுதோறும் கிடுகு வேலி அடைப்பித்தவளும், பாடசாலைக் கட்டணத்தைத் தவணை தவறாது கட்டியவளும், கோயில் உபயத்துக்குப் பங்கு கொடுத்தவளும் அவளே. கணவன் அனுப்பிய காசுக்கட்டளையை அஞ்சலகத்தில் மாற்றி, அதில் எவ்வளவு சீட்டுக்கு, எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு சோற்றுக்கு என்று பிரித்தவளும் அவளே. பிற்காலப் பொருளியலாளர் இதனை ‘மணியோடர் பொருளாதாரம்’ என்றழைத்தனர். அனுப்பியவரின் பெயர் அதிலே தெரிகிறது. நிருவகித்தவளின் பெயர் தெரிவதில்லை.

அவர்களிடையே பாலமாக இருந்தது கடிதம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, பையனின் கணக்குப் புள்ளி, மாட்டின் சினை, எல்லைத் தகராறு, தங்கைக்கு வந்த சம்பந்தம் என நீளும். கட்டளைகள் கொழும்பிலிருந்து வந்தன. ஆனால் கடிதம் போய்ச் சேருமுன்னரே ஊரிற் காரியம் முடிந்திருப்பதுமுண்டு. மூத்த மகன் இலிகிதராயின் அவனது சுமை இரட்டிப்பு. தங்கைமாரின் சீதனத்தைச் சேர்க்கும்வரை அவனது திருமணம் தள்ளிப்போகும். ‘உத்தியோக மாப்பிள்ளை’க்குச் சந்தையிற் கூடிய விலை உண்டு, அந்த விலையையே தன் தங்கைக்காக அவன் இன்னொரு உத்தியோகத்தனுக்குக் கொடுக்கவும் வேண்டும். சீதன வழக்கத்தை ஏறவைத்தவனும் அதனால் நசுங்கியவனும் ஒருவனே.

இவ்வாறு ஆணை வெளியே அனுப்பிக் குடும்பத்தை ஊரில் நிறுத்தும் முறை இலிகிதருக்கு மட்டும் உரியதன்று. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், மூன்றாண்டுத் தவணைக் கணக்கில் வந்து, தவணை முடிய ஊர் திரும்பினர். காரைநகர், புங்குடுதீவு முதலிய தீவுப்பகுதியினர் சிங்கள நாட்டின் சிறு பட்டினங்களிற்கூடக் கடை வைத்து, மனைவி மக்களைத் தீவிலேயே விட்டிருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடுண்டு. வணிகர் தமக்குப்பின் மைத்துனரையோ மகனையோ கடையில் இருத்திவிட்டு வரலாம். இலிகிதரின் கதிரையை எவருக்கும் கொடுக்கவியலாது. பென்சன் ஒன்றே அவர் கொண்டுவரக்கூடிய முதல்.

எது அவரது உண்மையான இருப்பிடம் என்ற வினா வெறும் மனவுணர்ச்சியாக நிற்கவில்லை. நீதிமன்றம் வரை சென்றது. 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரியாற் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாண மாகாணத்து வாசிகளான தமிழருக்கே உரியது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என அது சொத்தை மூன்றாகப் பிரித்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனை மாற்றியமைத்தன. கொழும்பில் உழைத்து, கொழும்பில் வீடு வாங்கி, அங்கேயே இறந்த யாழ்ப்பாணத்தவர் ‘யாழ்ப்பாண வாசி’யா? ஆமெனில் அவர் திருமண வாழ்விற் தேடியதில் மனைவிக்கு உரிமையுண்டு. அன்றெனில் வேறு சட்டம். இவ்வினாவை நீதியரசர் பன்முறை ஆராய நேர்ந்தது. பிறந்த ஊர், மணந்த ஊர், காணியுள்ள ஊர், திரும்பிச் செல்லும் எண்ணம் ஆகியவற்றை நிறுத்துப் பார்த்தே தீர்ப்பளித்தனர். தேசவழமைப்படி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்ற விதியும் இங்கே கருதத்தக்கது. தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க விரும்பியவள், மருதானையிலுள்ளவரின் கையொப்பத்துக்குக் காத்திருந்தாள். வீட்டை முழுதாக நடத்த அவளால் முடிந்தது. உறுதி முடிக்கத் தனித்து முடியவில்லை.

காலப்போக்கிற் சிலர் குடும்பத்தையே கொழும்புக்குக் கொண்டுவந்தனர். மருதானைச் சமறியிலிருந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் ‘அனெக்ஸ்’. அதிலிருந்து சொந்த வீடு என்பது உத்தியோக ஏணியின் குடும்ப வடிவம். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிற் பின்னேரம் தேவாரமும் வயலின் பயிற்சியும் கேட்கத் தொடங்கின. சைவ மங்கையர் கழகத்தின் பாடசாலையும் இராமகிருஷ்ண மிசனும் அங்கே நிலைபெற்றன. 1951இற் பிள்ளையார் பாடசாலையாகத் தொடங்கியது கொழும்பு இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. வட கொழும்பிற் பொன்னம்பலவாணேசர் கோயிலும், 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபையும் முன்னரே இருந்தன. 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பிற் குண்டு வீசியபோது, கொண்டுவந்த குடும்பங்களைப் பலர் மீண்டும் ஊருக்கு அனுப்பிவிட்டுச் சமறிக்குத் திரும்பினர் என்பது நினைக்கத்தக்கது. ஊரிலுள்ள வீட்டை விற்காது வைத்திருந்தோரின் முன்யோசனை அப்போதும் பயன்பட்டது, பின்னரும் பயன்பட்டது.

உத்தியோகத்தர் அமைதியாகக் கோப்பு மட்டும் பார்த்திருந்தனர் என எண்ணலாகாது. 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க இலிகிதர் சேவைச் சங்கம் முன்னின்றது. அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள், மருதானைக்கு அடுத்த தெமட்டகொடையிற் பொலிசார் சுட்டதில் வி. கந்தசாமி என்ற இலிகிதர் உயிரிழந்தார். சிங்களத் தோழரும் தமிழ்த் தோழரும் ஒரே சங்கத்தில் நின்ற காலமது. ஒன்பதாண்டுகளில் அந்நிலை மாறிற்று.

1956ஆம் ஆண்டு இரு வேறு செய்திகளைக் கொண்டுவந்தது. ஏப்ரல் 23இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. காலையிற் கொழும்பிற் புறப்பட்டவர் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். குடும்பம் முன்னெப்போதையும்விட அருகில் வந்தது. ஜூன் மாதத்திற் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியது. உத்தியோகம் முன்னெப்போதையும்விடத் தொலைவாயிற்று. 1961 டிசம்பரில் வெளிவந்த திறைசேரிச் சுற்றறிக்கை, குறித்த காலத்துக்குள் சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாதோரின் வருடாந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்தப் பணித்தது. நாற்பது வயதில், மூன்று பிள்ளைகளின் தந்தை, எழுத்துக் கற்கும் சிறுவனைப்போல வகுப்பில் அமர வேண்டியதாயிற்று. சிலர் கற்றுச் சித்தியெய்தினர். சிலர் இழப்பீட்டுடன் ஓய்வுபெற்று ஊர் சென்று தோட்டஞ் செய்தனர். 

கேகாலைக் கச்சேரியிற் பணிபுரிந்த செ. கோடீஸ்வரன் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர்நீதிமன்றம், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காட இயலாது எனக் கூறி அதனைத் தள்ளியது. 1969இற் கோமறைக் கழகம் வழக்காடலாம் என்று கூறி, சட்டத்தின் செல்லுபடியை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. ஆராய்வதற்குள் 1972ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவையே இல்லாமலாக்கிற்று. வழக்கின் சட்ட நுணுக்கங்களைப் பலர் எழுதியுள்ளனர். ஒரு மாதச் சம்பளத்திற் சில ரூபாய் குறைவது ஊரிலுள்ள ஓர் அடுப்பங்கரையில் என்ன பொருள்படும் என்பதை எழுதியோர் இல்லை.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இந்த இரட்டை வாழ்வைத் தீயிற் சோதித்தன. 1958இலும் 1977இலும் அகதி முகாம்களிலிருந்து வடக்கே சென்றோரிற் பலர் சில மாதங்களில் மீண்டனர். கந்தோர் கதிரை காத்திருந்தது, பென்சனுக்கு இன்னும் ஆண்டுகள் இருந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீடுகளும் மருதானைக் கடைகளும் எரிந்தபின் திரும்பாதோர் மிகப் பலர். பிள்ளைகள் இலண்டனுக்கும் தொரொன்ரோவுக்கும் பாரிசுக்கும் சென்றனர். ஆணை அனுப்பிவிட்டுக் குடும்பத்தை ஊரில் நடத்திய பழைய வித்தை, இப்போது குடாநாட்டு எல்லையைக் கடந்து கண்டங்களுக்கு நீண்டது. காசுக்கட்டளையின் இடத்தை வங்கி வரைவும், அஞ்சலகத்தின் இடத்தைத் தொலைபேசிக் கடையும் எடுத்தன.

1990 ஜூனிற் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குப் போவது நின்றது. போர்க்காலத்தில் வெள்ளவத்தை வேறு வகையில் நிறைந்தது: விடுதி அறைகளில் வீசாவுக்குக் காத்திருந்த மனைவியர், அவர்களுக்குத் துணையாக வந்த தாய்மார், பொலிசிற் பதிந்த துண்டை மடித்து வைத்திருந்த முதியோர். முன்பு கணவன் கொழும்பிலும் மனைவி ஊரிலும் இருந்தனர்; இப்போது மனைவி கொழும்பிலும் கணவன் கடல் கடந்தும் இருந்தனர். தமிழ் 1987இற் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தால் ஆட்சிமொழியாயிற்று. ஆயின் அதற்காகச் சம்பள ஏற்றத்தை இழந்தோர் அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டனர்.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 2014 அக்டோபர் 13ஆம் நாள் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது. 2015 ஜனவரியிற் காங்கேசன்துறை வரை பாதை திறக்கப்பட்டது. கோட்டையிற் புறப்படும் அவ்வண்டி முதலிற் கடப்பது மருதானையையே. அதில் ஏறுவோரிற் கந்தோர் விடுமுறையில் ஊர்செல்வோரும் உளர்; வெளிநாட்டிலிருந்து தம் அம்மம்மாவின் வளவைப் பார்க்க வருவோரும் உளர். அவ்வளவுகளிற் சிலவற்றுக்கு உறுதி முடிக்க இன்னும் ஒரு கையொப்பம் குறைவாக இருக்கிறது. கையொப்பமிட வேண்டியவர் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள்.